இன்புட் பாக்ஸில் வாங்கிய அளவுகள்: பெருக்கினால் சரி, கூட்டினால் தப்பு

ஜன்னல்_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் மாமா ஜன்னல், கதவு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அவருக்காக எக்செலில் ஒரு சின்ன விபிஏ மேக்ரோ எழுதினேன். பட்டனை அமுக்கினால் ஒரு இன்புட் பாக்ஸ் வரும், அதில் உயரம், அகலம், எண்ணிக்கை மூன்றையும் கமா போட்டு ஒரே வரியில் அடிக்க வேண்டும். உதாரணத்துக்கு 4,3,6 என்று அடித்தால் 4 அடி உயரம், 3 அடி அகலம், 6 ஜன்னல். இதிலிருந்து கண்ணாடி எத்தனை சதுர அடி, பீடிங் (கண்ணாடியின் நான்கு ஓரமும் அடிக்கும் பட்டை) எத்தனை ரன்னிங் அடி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மொபைலில் இருந்து எழுதுவதால் கோடை அப்படியே தமிழிலேயே அடிக்கிறேன், மன்னிக்கவும்:

டிம் உயரம், அகலம், எண்ணிக்கை ஆஸ் டபுள்
பதில் = இன்புட்பாக்ஸ்("உயரம், அகலம், எண்ணிக்கை?")
பகுதி = ஸ்ப்ளிட்(பதில், ",")
உயரம் = பகுதி(0)
அகலம் = பகுதி(1)
எண்ணிக்கை = பகுதி(2)
கண்ணாடி = உயரம் * அகலம் * எண்ணிக்கை
பீடிங் = 2 * (உயரம் + அகலம்) * எண்ணிக்கை

கண்ணாடி 72 என்று சரியாக வருகிறது. பீடிங் 84 வர வேண்டும், 516 வருகிறது. இதில் தலை சுற்ற வைப்பது என்னவென்றால், சோதனைக்காக உயரத்தையும் எண்ணிக்கையையும் கூட்டிப் பார்த்தேன், 10 என்று ஒழுங்காக வந்தது. உயரத்தையும் அகலத்தையும் கூட்டினால் மட்டும் 43. மூன்றையும் டபுள், அதாவது தசம எண், என்றுதானே அறிவித்திருக்கிறேன்? எக்செல் 2016.

பழைய_விபி எழுதியது:

43 என்றதுமே தெரிந்துவிட்டது தம்பி. நான்கையும் மூன்றையும் அது கூட்டவில்லை, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறது. 2 * 43 * 6 = 516, கணக்கு சரிதான் பாருங்கள்.

உங்கள் முதல் வரியில் மூன்றும் டபுள் இல்லை. விபிஏவில் ஆஸ் டபுள் என்பது அதற்கு ஒட்டினாற்போல் முன்னால் இருக்கும் பெயருக்கு மட்டும்தான் சேரும். எண்ணிக்கை மட்டும் டபுள், உயரமும் அகலமும் வேரியன்ட். வேரியன்ட் என்றால் எதைக் கொடுத்தாலும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். ஸ்ப்ளிட் கொடுப்பது ஸ்ட்ரிங், ஆக உள்ளே உட்கார்ந்திருப்பது "4" என்ற எழுத்து, 4 என்ற எண் இல்லை.

கூட்டல் குறிக்கு விபிஏவில் இரண்டு வேலை. இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங் என்றால் ஒட்டும். ஒரு பக்கம் எண் இருந்தால் மறு பக்கத்தையும் எண்ணாக மாற்றிக் கூட்டும். அதனால்தான் உயரம் + எண்ணிக்கை உங்களுக்கு 10 வந்தது. பெருக்கலுக்கு அந்த இரட்டை வேடம் கிடையாது, ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் எண்ணாக மாற்றித்தான் பெருக்கும், ஆகவே கண்ணாடிக் கணக்கு தப்பித்தது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். எடிட்டரில் வியூ மெனுவில் லோக்கல்ஸ் விண்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு எஃப்8 அமுக்கி ஒவ்வொரு வரியாக ஓட்டினால், உயரத்துக்கு நேரே டைப் இடத்தில் வேரியன்ட்/ஸ்ட்ரிங் என்று காட்டும். எண்ணிக்கைக்கு நேரே டபுள் என்று இருக்கும்.

டிம் உயரம் ஆஸ் டபுள், அகலம் ஆஸ் டபுள், எண்ணிக்கை ஆஸ் லாங் என்று தனித்தனியாக எழுதுங்கள். எண்ணிக்கைக்கு முழு எண் வகையான லாங் போதும், ஐந்தரை ஜன்னல் யாரும் கேட்கப் போவதில்லை.

ஜன்னல்_கணக்கு எழுதியது:

அண்ணா, மாற்றிப் போட்டேன், 84 வந்துவிட்டது! லோக்கல்ஸ் விண்டோவில் நீங்கள் சொன்னபடியே இருந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை, நான் கல்லூரியில் விபி டாட் நெட் படித்தேன், அதில் ஒரே வரியில் இப்படித்தான் அறிவிப்போம், எல்லாம் ஒரே டைப்பாகத்தானே வரும்?

பழைய_விபி எழுதியது:

ஆமாம், 2002இல் டாட் நெட் வந்தபோது அந்த வழக்கத்தை மாற்றிவிட்டார்கள், அங்கே கடைசியில் சொன்ன டைப் வரிசையில் உள்ள எல்லாப் பெயருக்கும் போகும். விபிஏ பழைய விபி பரம்பரை, மாறவே இல்லை. டாட் நெட்டில் ஆப்ஷன் ஸ்ட்ரிக்ட் ஆன் என்று போட்டால் ஸ்ட்ரிங்கை டபுளில் நேரே வைக்கவே விடாது, கம்பைல் பண்ணும்போதே திட்டும். விபிஏவில் அந்த வசதி இல்லை. ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் இருக்கிறது, ஆனால் அது அறிவிக்காத பெயரைத்தான் பிடிக்கும், டைப்பைப் பார்க்காது.

கமலினி_கோட்ஸ் எழுதியது:

84 வந்தாயிற்று என்று இழையை மூடிவிடாதீர்கள். இப்போது மாற்றம் நடக்கிறது, ஆனால் விபிஏ தானாகச் செய்கிறது, நீங்கள் செய்யவில்லை. மாமா நாளைக்கு 4,3 என்று இரண்டு எண் மட்டும் அடித்துவிட்டு எண்டர் தட்டினால் பகுதி(2) என்ற ஒன்றே இல்லை, பிழை 9 வந்து மஞ்சள் கோடு போட்டு நிற்கும். 4,3,ஆறு என்று அடித்தால் பிழை 13. கேன்சல் அமுக்கினால் வெற்று ஸ்ட்ரிங் வரும், அதை ஸ்ப்ளிட் பண்ணினால் கிடைக்கும் அரேயின் (துண்டுகளின் வரிசை) யுபவுண்ட், அதாவது கடைசித் துண்டின் எண், -1, மறுபடி பிழை 9. கடையில் இருப்பவருக்கு டீபக் என்ற பட்டனைப் பார்த்தால் என்ன தெரியும்?

ஆகவே யுபவுண்ட்(பகுதி) 2 தானா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் மெசேஜ் காட்டி மறுபடி கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு துண்டையும் டிரிம் பண்ணி, எண்தானா என்று இஸ்நியூமெரிக் வைத்துப் பார்த்து, சிடிபிஎல் போட்டு டபுளாக மாற்றுங்கள்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

இவ்வளவு எதற்கு? வால் ஃபங்ஷன் போடுங்கள். உயரம் = வால்(பகுதி(0)). எதைக் கொடுத்தாலும் பிழையே வராது. "4 அடி" என்று அடித்தால்கூட 4 எடுத்துக்கொள்ளும்.

கமலினி_கோட்ஸ் எழுதியது:

பிழையே வராது என்பதுதான் வாலிடம் இருக்கும் பெரிய கோளாறு. புரியாத எழுத்து வந்ததும் அங்கேயே நின்றுவிட்டு அதுவரை படித்ததைக் கொடுத்துவிடும். "ஆறு" என்று கொடுத்தால் 0. வெற்று ஸ்ட்ரிங்குக்கும் 0. "1,850" கொடுத்தால் 1. நடுவில் இருக்கும் இடைவெளியைக் கண்டுகொள்ளாது, "4 3 6" கொடுத்தால் 436 என்று ஒரே எண்ணாகக் கொடுக்கும். பூஜ்யம் ரூபாய்க்கு கொட்டேஷன் அடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் கண்டுபிடிப்பதைவிட, பிழை வந்து நிற்பது எவ்வளவோ மேல்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் இஸ்நியூமெரிக் மட்டும் உத்தமரா? இமீடியட் விண்டோவில் இஸ்நியூமெரிக்("4,3,6") அடித்துப் பாருங்கள். ட்ரூ என்று வரும். சிடிபிஎல்("4,3,6") போட்டால் 436. கமா எங்கே இருந்தாலும் அது ஆயிரம் பிரிக்கும் கமா என்று எடுத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறது. "(4)" என்று கொடுத்தாலும் ட்ரூ, மதிப்பு -4, ஏனென்றால் கணக்குப் பிள்ளைகள் கழிவை அடைப்புக்குள் எழுதுவார்களாம். "1டி2" என்பதில் டி என்ற இடத்தில் ஆங்கில எழுத்தைப் போட்டால் 100.

பழைய_விபி எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இஸ்நியூமெரிக் சொல்வது "இதை எப்படியாவது எண்ணாக்க முடியும்" என்பது மட்டும்தான். நீங்கள் எதிர்பார்த்த எண் அதுதானா என்று அதற்குத் தெரியாது. ஜன்னல் கடைக்கு வேண்டியது வெறும் இலக்கங்கள்தான் என்றால் எழுத்து அமைப்பை ஒப்பிடும் லைக் போதும். துண்டு லைக் "*[!0-9]*" என்பது ட்ரூ ஆனால் உள்ளே இலக்கம் அல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடலாம். வெற்றுத் துண்டு இதில் தப்பிவிடும், அதனால் லென் (நீளம்) 0 தானா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் போடலாம் என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், விபிஏவில் பலரும் அதற்கு விபிஸ்கிரிப்ட் லைப்ரரியைத்தான் இழுக்கிறார்கள், விபிஸ்கிரிப்டை விண்டோஸில் இருந்து படிப்படியாக எடுக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்துவிட்டது. மூன்று எண்ணைப் பிரிக்க அதை நம்ப வேண்டியதில்லை.

பைத்தான்_பிரியன் எழுதியது:

பைத்தானில் இது ஒரு வரி. உயரம், அகலம், எண்ணிக்கை = மேப்(ஃப்ளோட், இன்புட்().ஸ்ப்ளிட்(",")). முடிந்தது. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் வேல்யூ எரர். ஃப்ளோட் போட மறந்தால் "4" * "3" என்பதே டைப் எரர், அங்கேயே தெரிந்துவிடும், கண்ணாடி சரி பீடிங் தப்பு என்ற நாடகமே நடக்காது.

கூடுதல் தகவல், பைத்தானில் இன்ட்("௪") கொடுத்தால் 4 வரும். தமிழ் இலக்கங்கள் யுனிகோடில் இலக்கம் என்ற வகையில் இருப்பதால் அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

கமலினி_கோட்ஸ் எழுதியது:

பைத்தானில் ஃப்ளோட்("1_000") கூட 1000 தான், ஃப்ளோட்("நான்") என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் எண்ணே அல்லாத ஒரு எண்ணைச் சிரித்துக்கொண்டே கொடுக்கும். எல்லா மொழியிலும் இந்தக் கதவு எங்கேயோ திறந்துதான் இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்களுக்கு ஒன்று. அங்கேயும் "4" * "3" = 12, "4" + "3" = "43", விபிஏ போலவே. அதைச் சரிசெய்கிறேன் என்று ["4","3","6"] என்ற அரேக்கு மேப்(பார்ஸ்இன்ட்) போட்டால் 4, நான், நான் என்று வரும் (நான் என்றால் எண் அல்ல என்று கொள்க, நானோ நீங்களோ இல்லை). மேப் ஒவ்வொரு துண்டோடும் அதன் வரிசை எண்ணையும் அனுப்புகிறது, பார்ஸ்இன்ட் அதை எண்ணடி (இருமத்துக்கு 2, பதின்மத்துக்கு 10 போல) என்று எடுத்துக்கொள்கிறது. முதலாவதுக்கு 0 போகிறது, அதை இல்லாதது போலக் கருதிப் பத்தடியில் படிக்கும். இரண்டாவதுக்கு 1, அப்படி ஒரு எண்ணடியே செல்லாது. மூன்றாவதுக்கு 2, அதாவது இருமத்தில் 6 என்ற இலக்கமே இல்லை. நம்பர் என்பதைப் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் நம்பர்("") என்பது 0, பிராம்ப்ட்டில் கேன்சல் அமுக்கினால் வரும் நல்லுக்கும் (எதுவும் இல்லை என்ற மதிப்பு) 0.

ஜன்னல்_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமா இன்னொன்று கேட்கிறார், நாலாவதாக சதுர அடி விலையையும் அதே வரியில் போட வேண்டுமாம். 4,3,6,1,850 என்று அடித்துவிட்டு "ஏன்டா வேலை செய்யவில்லை" என்று கேட்கிறார். அவருக்கு 1,850 என்றுதான் கை போகிறது. கமா போடாதீர்கள் என்றால் கேட்க மாட்டார்.

ஸ்டுட்கார்ட்_தமிழன் எழுதியது:

கமாவைப் பிரிப்பானாக வைத்ததே சிக்கல். நம் ஊரில் 1,50,000 என்று எழுதும் பழக்கம் யாருக்கும் போகாது. நான் இருக்கும் ஜெர்மனியில் வேறு கூத்து, இங்கே கமாதான் தசமப் புள்ளி, புள்ளிதான் ஆயிரம் பிரிப்பான். ஆபீஸ் கணினியில் சிடிபிஎல்("4.5") கொடுத்தால் 45 வரும், "4,5" கொடுத்தால்தான் நாலரை. அதே கோடை சென்னையில் இருப்பவருக்கு அனுப்பினால் "4,5" அங்கே 45. சிடிபிஎல் விண்டோஸின் ரீஜன் செட்டிங்கைப் பார்த்துத்தான் நடக்கும், வால் மட்டும் எந்த ஊரிலும் புள்ளியைத்தான் தசமமாக எடுக்கும். ஃபைலில் இருந்து படிக்கும்போது வாலுக்கு உள்ள ஒரே மரியாதை இது.

செமிகோலனைப் பிரிப்பானாக வையுங்கள். எண்ணுக்குள் யாரும் செமிகோலன் எழுதுவதில்லை. பிரித்த பிறகு விலைத் துண்டில் மட்டும் கமாவை ரிப்ளேஸ் பண்ணி எடுத்துவிட்டு மாற்றுங்கள். வரிசை முக்கியம், பிரிக்கும் முன்பே கமாவை எடுத்தீர்கள் என்றால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

இடைவெளியே போதுமே. 4 3 6 1,850. கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கிறது. இரண்டு தடவை ஸ்பேஸ் விழுந்தால் நடுவில் வெற்றுத் துண்டு வரும், அதற்கு அப்ளிகேஷன் டாட் வொர்க்ஷீட்ஃபங்ஷன் டாட் டிரிம் போடுங்கள், அது நடுவில் உள்ளதையும் ஒன்றாக்கும். விபிஏவின் சொந்த டிரிம் இரண்டு ஓரத்தை மட்டும்தான் வெட்டும்.

கமலினி_கோட்ஸ் எழுதியது:

ஏன் இத்தனை வித்தை? நாலு எண் வேண்டும் என்றால் நாலு பெட்டி வையுங்கள். யூசர்ஃபார்மில் (நாமே வடிவமைக்கும் படிவம்) நாலு டெக்ஸ்ட்பாக்ஸ், பக்கத்தில் லேபிள், எது உயரம் எது அகலம் என்று கண்ணால் பார்த்து அடிக்கலாம். ஒரே வரியில் 3,4,6 என்று மாற்றி அடித்துவிட்டால் உங்கள் கோடுக்கு எப்படித் தெரியும்? உயரம் அகலமாகவும் அகலம் உயரமாகவும் போய்விடும், கண்ணாடிக் கணக்கு அப்போதும் 72 தான், ஆனால் ஜன்னல் படுத்துவிடும்.

யூசர்ஃபார்ம் வைத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம், டெக்ஸ்ட்பாக்ஸ் கொடுப்பதும் ஸ்ட்ரிங்தான். டெக்ஸ்ட்பாக்ஸ்1 + டெக்ஸ்ட்பாக்ஸ்2 என்று எழுதினால் பழைய 43 திரும்ப வரும்.

பழைய_விபி எழுதியது:

நடுவழி ஒன்று இருக்கிறது. வெறும் இன்புட்பாக்ஸ் வேறு, அப்ளிகேஷன் டாட் இன்புட்பாக்ஸ் வேறு. இரண்டாவதில் டைப்:=1 என்று கொடுத்தால் எண்ணை மட்டும்தான் வாங்கும், வேறு எதையாவது அடித்தால் எக்செல் தானே மறுத்துவிட்டு மறுபடி கேட்கும். நாலு தடவை கூப்பிட வேண்டியதுதான்.

இதில் ஒரு குழி. கேன்சல் அமுக்கினால் ஃபால்ஸ் வரும். அதை நேரே டபுளில் வாங்கினால் 0 ஆகிவிடும், கேன்சலா பூஜ்யமா என்று தெரியாது. சரி வேரியன்டில் வாங்கி "விடை = ஃபால்ஸ்" என்று பார்க்கலாம் என்றால், ஒருவர் உண்மையிலேயே 0 அடித்தாலும் அந்த ஒப்பீடு ட்ரூ ஆகும், ஏனென்றால் விபிஏவுக்கு 0வும் ஃபால்ஸும் சமம். வேர்டைப்(விடை) = விபிபூலியன் என்று டைப்பைப் பார்த்தால்தான் சரியாகப் பிடிக்க முடியும். வெறும் இன்புட்பாக்ஸில் கேன்சலையும் வெற்று ஓகேயையும் பிரிக்க ஸ்டர்பிடிஆர் 0 தானா என்று பார்ப்பார்கள், அதிகாரப்பூர்வமாக எழுதி வைக்காத ஃபங்ஷன், ஆனால் வேலை செய்கிறது.

உளி_சுத்தியல் எழுதியது:

நான் கோடு எழுதுபவன் இல்லை, எங்கள் பட்டறைக்கு ஒரு ஷீட் வேண்டும் என்று தேடி இங்கே வந்தேன். நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதைப் படித்ததில் ஒரு சந்தேகம். உங்கள் மாமா எல்லா ஜன்னலையும் முழு அடியிலா அளக்கிறார்? நாங்கள் டேப்பில் 4 அடி 3 அங்குலம் என்றால் சீட்டில் 4.3 என்று எழுதுவோம். 4 அடி 10 அங்குலம் என்றால் 4.10. அதை இந்தப் பெட்டியில் அடித்தால் என்ன வரும்?

ஜன்னல்_கணக்கு எழுதியது:

ஐயோ. மாமாவும் அப்படித்தான் எழுதுவார். இதுவரை நான் முழு அடியில் மட்டும்தான் சோதித்தேன். பழைய சீட்டுகளை எடுத்துப் பார்க்கிறேன்.

பழைய_விபி எழுதியது:

உளி_சுத்தியல் கேட்டதுதான் இந்த இழையிலேயே பெரிய கேள்வி. இதுவரை நாம் பேசிய எதுவும் இதைப் பிடிக்காது. 4.10 இலக்கமும் புள்ளியும்தான், இஸ்நியூமெரிக் ட்ரூ, சிடிபிஎல் சந்தோஷமாக மாற்றும், டைப்:=1 பெட்டியும் வாங்கிக்கொள்ளும். பிழை எங்கேயும் வராது. ஆனால் டபுள் ஆனதும் 4.10 என்பது 4.1 ஆகிவிடும். 4 அடி 10 அங்குலமும் 4 அடி 1 அங்குலமும் ஒரே எண். அதற்குப் பிறகு எத்தனை சாமர்த்தியமாகக் கோடு எழுதினாலும் அந்தப் பூஜ்யத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அது ஸ்ட்ரிங்கில் மட்டும்தான் இருந்தது.

4 அடி 10 அங்குலம் உண்மையில் 4.833 அடி. அதை 4.1 என்று கணக்கிட்டால் ஒரு ஜன்னல் உயரத்திலேயே கிட்டத்தட்ட 9 அங்குலம் குறைகிறது. பீடிங்கில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி. ஆறு ஜன்னலுக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே கமலினி சொன்ன நாலு பெட்டியும் நான் சொன்ன டைப்:=1ம் இங்கே உதவாது, டைப்:=1 உண்மையில் கெடுதல்கூட, ஏனென்றால் நம் கைக்கு வருமுன்பே எண்ணாக்கிவிடுகிறது. ஸ்ட்ரிங்காகவே வாங்க வேண்டும், புள்ளியில் பிரிக்க வேண்டும், இடது பக்கம் அடி, வலது பக்கம் அங்குலம், இரண்டையும் தனித்தனியாக முழு எண்ணாக்கி அடி + அங்குலம் / 12. அங்குலம் 12 அல்லது அதற்கு மேல் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

அப்படியானால் 4.5 என்றால்? 4 அடி 5 அங்குலமா, நாலரை அடியா? வாடிக்கையாளர் போனில் "நாலரைக்கு மூணு" என்று சொன்னால் மாமா என்ன அடிப்பார்?

உளி_சுத்தியல் எழுதியது:

நாலரை என்றால் நாங்கள் 4.6 என்று எழுதுவோம். ஆனால் கடையில் புதிதாக வந்த பையன் 4.5 என்று எழுதி வைப்பான், அது நடக்கும். ஒரு அங்குலம்தான் வித்தியாசம் என்று விட முடியாது, சட்டத்தில் கண்ணாடி உட்காராது.

கமலினி_கோட்ஸ் எழுதியது:

அப்படியென்றால் புள்ளியையே தடை செய்யுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கும் குறியை வாங்கி, எது என்று கோடு ஊகிக்கக் கூடாது. 4'6 என்று ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடிக்கச் சொல்லுங்கள், ஷிஃப்ட் அமுக்க வேண்டியதில்லை, எண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மர வேலைக்காரர்களுக்கும் பழகிய குறிதான். புள்ளி வந்தால் "4.5 என்று அடித்திருக்கிறீர்கள், 4'5 ஆ 4'6 ஆ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

நாலு பெட்டி பற்றி நான் சொன்னதை விடவில்லை, பெட்டி நாலாக இருக்கட்டும், ஆனால் யூசர்ஃபார்மின் டெக்ஸ்ட்பாக்ஸாக இருக்கட்டும், அது ஸ்ட்ரிங்கை அப்படியே கொடுக்கும்.

ஸ்டுட்கார்ட்_தமிழன் எழுதியது:

ஃபார்ம் எதற்கு, ஷீட்டிலேயே நாலு செல்லில் அடிக்கச் சொல்லலாமே என்று எழுத வந்தேன், 4.10 ஞாபகம் வந்தது. செல்லில் 4.10 அடித்தால் எக்செல் அங்கேயே 4.1 ஆக்கிவிடும், செல்லை முன்கூட்டியே டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் வைத்தால் ஒழிய. மேற்கோள் குறி போட்டால் எண்ணாக மாற்ற முடியாது, அதனால் 4'10 என்பது செல்லிலும் அப்படியே எழுத்தாகவே நிற்கும். கமலினியின் யோசனைக்கு என் ஓட்டு.

ஜன்னல்_கணக்கு எழுதியது:

மாமாவிடம் பேசினேன். நாலு பெட்டி வேண்டாம் என்கிறார், வாடிக்கையாளர் எதிரில் நின்று ஜன்னல் ஜன்னலாகச் சொல்லிக்கொண்டே போவார், ஒவ்வொரு பெட்டிக்கும் டேப் தட்டிக்கொண்டிருக்க முடியாதாம். ஒரே வரி, இடைவெளி விட்டு, 4'10 3'6 6 1,850. மேற்கோள் குறிக்கு உடனே சரி என்றார். கோடு இப்படி ஆகியிருக்கிறது:

பதில் = வொர்க்ஷீட்ஃபங்ஷன்.டிரிம்(இன்புட்பாக்ஸ்("உயரம் அகலம் எண்ணிக்கை விலை"))
பகுதி = ஸ்ப்ளிட்(பதில், " ")
யுபவுண்ட் 3 இல்லை என்றால் மெசேஜ், வெளியே
உயரம் = அடியாக்கு(பகுதி(0))
அகலம் = அடியாக்கு(பகுதி(1))
எண்ணிக்கை = சிலாங்(பகுதி(2))
விலை = சிடிபிஎல்(ரிப்ளேஸ்(பகுதி(3), ",", ""))

அடியாக்கு என்பது தனி ஃபங்ஷன், மேற்கோள் குறியில் பிரித்து, இரண்டு துண்டையும் லைக் வைத்துச் சரிபார்த்து, அங்குலம் 11க்கு மேல் போனால் -1 திருப்பும். -1 வந்தால் எந்தத் துண்டு தப்பு என்று மெசேஜில் காட்டுகிறேன். கணக்கு முடிந்ததும் "4 அடி 10 அங்குலம் உயரம், 3 அடி 6 அங்குலம் அகலம், 6 ஜன்னல், சரியா?" என்று திருப்பிச் சொல்லி எஸ், நோ கேட்கிறது. உயரம் அகலம் மாறிப் போவதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய_விபி எழுதியது:

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். எண்ணிக்கைக்கு, லாங்காக மாற்றும் சிலாங் போடும் முன் அதையும் லைக் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் "2.5" வந்தால் 2 ஆகும், "3.5" வந்தால் 4 ஆகும், அரையை அருகில் உள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது விபிஏவின் வழக்கம். இன்னொன்று, அடியாக்குக்குள் அடி, அங்குலம் இரண்டையும் இன்டிஜர் என்று அறிவிக்காதீர்கள், லாங் போடுங்கள். இன்டிஜரின் எல்லை 32,767. பின்னால் மரக் கணக்குக்கு அங்குலத்திலேயே 120 * 24 * 12 என்று பெருக்கப் போனால் 34,560, மூன்றும் இன்டிஜராக இருந்தால் விடையை டபுளில் வாங்கினாலும் பிழை 6 வரும், பெருக்கும் இடத்திலேயே நிரம்பிவிடும்.

உளி_சுத்தியல் எழுதியது:

இந்த ஷீட்டை எனக்கும் அனுப்புவீர்களா? அப்புறம் அரை அங்குலத்துக்கு என்ன செய்வது? 4'6½ என்று வருமே.

கமலினி_கோட்ஸ் எழுதியது:

½ குறியைக் கீபோர்டில் தேடுவது கஷ்டம், 6 1/2 என்று அடித்தால் நடுவில் உள்ள இடைவெளியில் ஸ்ப்ளிட் வெட்டிவிடும். அங்குலத் துண்டில் மட்டும் புள்ளியை அனுமதிக்கலாம், 4'6.5. அங்குலத்துக்குக் கீழே வேறு அலகு எழுதும் பழக்கம் உங்களிடம் இல்லை என்றால் அங்கே குழப்பம் வராது. கால், முக்கால் அங்குலத்துக்கு .25, .75. மாற்ற வால் போதும், ஆனால் லைக் சோதனையில் புள்ளியைச் சேர்த்து "*[!0-9.]*" என்று மாற்ற வேண்டும், இரண்டு புள்ளி விழுந்திருக்கிறதா என்றும் தனியாகப் பார்க்க வேண்டும். அங்குல வேரியபிளை லாங்கில் இருந்து டபுளுக்கு மாற்றுங்கள், எல்லைச் சோதனையும் 11க்கு மேல் என்பதில் இருந்து 12க்குக் குறைவு என்று மாற வேண்டும், இல்லையென்றால் 11.5 வெளியே போய்விடும்.

உளி_சுத்தியல் எழுதியது:

நூல் கணக்கு எழுதுவோமே, அங்குலத்துக்கு 8 நூல். ஆனால் ஜன்னலுக்கு அரை அங்குலத்துக்குக் கீழே போக மாட்டோம். 6.5 சரிதான்.

ஜன்னல்_கணக்கு எழுதியது:

போட்டுவிட்டேன், 4'11.5 வாங்குகிறது, 4'12 வாங்கவில்லை. ஒரே ஒரு பிரச்சினை, வாட்ஸ்அப்பில் வந்த அளவை காப்பி பண்ணி ஒட்டினால் எல்லாமே தப்பு என்கிறது, கையால் அதையே அடித்தால் சரி. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஸ்டுட்கார்ட்_தமிழன் எழுதியது:

போன் கீபோர்டு நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிட்டிருக்கும். நேரானது கேரக்டர் எண் 39, வளைந்தது 8217. ஸ்ப்ளிட் பண்ணும் முன் 8217ஐ 39ஆக ரிப்ளேஸ் பண்ணுங்கள். இணையப் பக்கத்தில் இருந்து ஒட்டினால் இடைவெளியும் 32க்குப் பதில் 160 ஆக வரலாம், டிரிம் அதைத் தொடாது, அதையும் சேர்த்து ரிப்ளேஸ் போட்டுவிடுங்கள்.

ஜன்னல்_கணக்கு எழுதியது:

அதேதான், 8217. இப்போது வாங்குகிறது. உளி_சுத்தியல், தனிச் செய்தியில் ஃபைல் அனுப்பியிருக்கிறேன், திறக்கும்போது மேக்ரோவை எனேபிள் பண்ணுங்கள்.